பட்டாணியின் வயிறும் முதலாளிப் பானையும்

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போன தடவை நீங்கள் எடுத்ததும் நான் அழுதேன், நீங்கள் கத்தினீர்கள். கடைசியில் உங்கள் தம்பி போனைப் பிடுங்கி, "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்று அணைத்து வைத்துவிட்டார். எழுதினால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வகுப்பில் கணக்கு தப்பாகப் போனால் முதல் வரியிலிருந்து திரும்பப் போடச் சொல்வேன். அதையே இப்போது நானும் செய்து பார்க்கிறேன். நம் சின்னவள் பட்டாணிக்கு மூன்று வயதிலிருந்தே வயிறு சரியில்லை. கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் உப்பியிருக்கும். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. பூச்சி மருந்து கொடுத்தோம். செல்லம் அதிகம், அடம் பிடிக்கிறாள் என்றார்கள். அதையும் நம்பினோம். கடைசியில் இந்த டாக்டர்தான் இரத்தம் எடுத்து, குழாய் விட்டு உள்ளே பார்த்து, சீலியாக் என்று சொன்னார். கோதுமை, மைதா, பார்லி மூன்றிலும் இருக்கும் பசைச்சத்து அவள் குடலை உள்ளிருந்தே தேய்த்துவிடுகிறது. இதற்கு மருந்து கிடையாது, ஆயுசுக்கும் ஒரு துளி உள்ளே போகக் கூடாது. இதை ஒரு பேக்கரிக்காரக் குடும்பத்திடம் சொன்னார். கேட்டதும் உங்கள் தம்பி சட்டையிலிருந்த மாவைத் தட்டினார். அது டாக்டரின் மேசை மேல் விழுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு வீட்டைத் தலைகீழாக்கினோம். கீழே கடை, மேலே வீடு, நடுவில் மாடிப்படியில் கதவு போட்டோம். மேலே புதுப் பாத்திரம், கீழே பழைய பாத்திரம். கடையில் போட்ட துணி மாடி ஏறக் கூடாது. நீங்கள் தனியாக அரிசி மாவில் ரொட்டி செய்து கொடுத்தீர்கள். முதலில் கொஞ்சம் தேறினாள், பிறகு மறுபடி பழைய கதை. ஜனவரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் அளவு கொஞ்சமும் குறையவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்ல யாரோ குடுக்கிறாங்கம்மா" என்றார். நான் நேராகக் கடைக்குள் வந்து, "யாருக்கும் தெரியாம குழந்தைக்கு பன் குடுக்கிறீங்களா?" என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள் அண்ணி. கோபப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கோபப்படுவேன்தான். ஆனால் காரணம் தெரிந்துவிடும். அவள் எடை திரும்பக் குறைகிறது. காரணம் தெரியாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 15

வாத்தியாரம்மா,

கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை. சிவப்பு மையில் டிக் போட்டுக்கொள்.

கேட்டாயே, அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாதா? கடை நிறைய ஆள். அந்த ரிட்டயர்டு தபால்காரர் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாக்கிச் சில்லறை கூட வாங்காமல் போய்விட்டார் பாவம். என் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவன் பெண்ணுக்கு ஆகாததை ஒளித்துக் கொடுப்பேனா? இங்கே விடுதியில் என் தோழி வார்டனாக இருக்கிறாள், சமையற்கட்டை என்னிடம் விட்டிருக்கிறாள். இருநூறு பெண்பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். ஒருத்தி வந்து என் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை.

அந்த ரொட்டியை நான் ஏன் செய்ய ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியாது. பெரியவள் படியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். பட்டாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கும் வேண்டும் என்று அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பேன். அவள் அழவில்லை. "அக்கா, நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டாள். பெரியவளுக்கு வாயில் இருந்தது இறங்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவளுக்கு ரொட்டி சுடாவிட்டால் நான் என்ன ரொட்டிக்காரி?

எப்படிச் செய்தேன் என்றும் கேள். நீ வாங்கித் தந்த அரிசி மாவு, புதுக் கிண்ணம், புது ட்ரே, புதுக் கரண்டி. கோதுமை மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே, தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அடுப்பைத் துடைத்துவிட்டுப் பிசைவேன். எழும்பி வருவதற்கு மட்டும் நம் முதலாளிப் பானையிலிருந்து ஒரு கரண்டி. அவர் கை வைக்காமல் நம் கடையில் எந்த ரொட்டி எழுந்திருக்கிறது? மற்றபடி ஒரு சிட்டிகை மைதா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது கிடையாது. போய் உன் டாக்டரிடம் சொல்.

கோபமாக இருக்கிறேன் என்பதற்காக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்ட அன்று நானும் கதவோரம் நின்றேன். அந்தக் குட்டி, டாக்டரைப் பார்த்து, "உள்ள போய் பாத்துட்டு மறக்காம வெளிய எடுத்துடணும்" என்றது. டாக்டர் சிரித்ததில் முகக்கவசம் நழுவிவிட்டது. எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள், நான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் மயங்கித் தூங்கும்வரை ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாய். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அதையும் பார்த்தேன். அன்றைக்கு என் தம்பி பெரிய இடத்தில் பெண் எடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அதே வாயால்தான் நீ என்னை அப்படிக் கேட்டாய்.

பட்டாணியின் அத்தை


பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பள்ளி ஓய்வறையில் படித்தேன். "முதலாளிப் பானையிலிருந்து ஒரு கரண்டி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மணி அடித்ததும் வகுப்புக்குப் போனேன், என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்து யோசித்து, வேறு வழி தெரியாமல் நேராகவே கேட்கிறேன். முதலாளிக்குத் தினமும் என்ன சாப்பாடு போடுகிறோம், அண்ணி?

கோதுமை மாவும் தண்ணீரும். கடை திறந்த நாளிலிருந்து அதுதான்.

எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதலாம். ரொட்டியை எழுப்புவதற்காகப் புளிக்க வைத்திருக்கும் அந்தப் பானையை நம் வீட்டில் யாரும் மாவு என்று சொன்னதே இல்லை. "முதலாளி எழுந்தாச்சா?", "முதலாளிக்குச் சாப்பாடு ஆச்சா?", "குளிருது, முதலாளிய அடுப்புப் பக்கம் வை" என்றுதான் பேச்சு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் யாரோ உடம்பு முடியாத பெரியவர் கீழே இருக்கிறார் போல என்று மூன்று நாள் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறேன், நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். வீட்டில் இருந்த கோதுமையை எல்லாம் மூட்டை கட்டினோம். பிஸ்கட் டப்பா போயிற்று, பழைய சல்லடை போயிற்று. மூலையில் மரியாதையாக உட்கார்ந்திருந்தவரை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் பக்கத்துல நின்னு பாத்தேனே. அக்கா கரண்டி போடறத தினமும் பாத்தேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடமும் பேசினேன். அவள் குடலைக் கெடுக்க ஒரு கரண்டி போதும் என்றார்.

நீங்கள் ஒளித்து எதையும் கொடுக்கவில்லை. பகலில், எல்லோர் கண் முன்னாலும், என் தட்டில் வைத்துத்தான் கொடுத்தீர்கள். அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, பாலில் நனைத்து, "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டியது நான். ஆகவே இதில் உங்கள் கை எது, என் கை எது என்று பிரிக்க முடியாது. நான் உங்களைக் கேட்டது தப்பு, கேட்ட இடம் அதைவிடத் தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள். அந்த ரொட்டிக்காக நீங்கள் விடியற்காலையில் தலைக்குக் குளித்தீர்கள் என்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். குளிர் நாட்களிலும் குளித்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டதில்லையே, அண்ணி.

வந்துவிடுங்கள்.

உங்கள் வாத்தியாரம்மா


மார்ச் 17

அம்மாடி,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

நீ என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய். இனி நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அவள் சாப்பிடும்போது, "நல்லாருக்கு அத்தை" என்பாள். அன்று சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். நான் சூடாக வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு அரிசி மாவு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

எனக்கு உன்னைப் போல் பேசத் தெரியாது. கோபம் வந்தால் மாவை அடித்துப் பிசைவேன். ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் வாயில் ஏதாவது வைப்பேன். உன்னைப் பெண் பார்க்க வந்தபோதும் ஒரு பெட்டி கேக்கை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்கு இந்தக் கையால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆகிவிட்ட பிறகு, அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? சும்மா நின்று வேடிக்கை பார்க்கவா?

தோழி இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். சரி என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். தம்பிக்கு அடுப்பு பழகிவிடும். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

அத்தை


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணி,

நின்றுகொண்டே படிக்காதீர்கள், உட்காருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பட்டாணி வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பேனா கோணலாக ஓடி யாரோ ஒரு பிள்ளைக்கு ஐந்து மார்க் கூடிவிட்டது. "என்னடி?" என்றேன். "அம்மா, பசிக்குது" என்றாள்.

அண்ணி, அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. நாம்தான் தட்டை ஏந்திக்கொண்டு கட்டிலைச் சுற்றி, மேசையைச் சுற்றி, அவள் பின்னால் ஓடியிருக்கிறோம். கஞ்சி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டி, "இன்னும்" என்றாள். பெரியவள் மாடிப்படிக் கதவைத் திறந்து, "அப்பா! பட்டாணிக்குப் பசிக்குதாம்!" என்று கத்தினாள். கீழே வரிசையில் நின்ற ஒருவர், "பசிச்சா சோத்தப் போடுங்க, அதுக்கு ஏன் ஊரக் கூட்டறீங்க?" என்றாராம். உங்கள் தம்பி அவருக்கு ஒரு ரொட்டி இனாமாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

உங்கள் தம்பியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மீசையை எடுத்துவிட்டார். ஆமாம், அந்த மீசைதான். கடை முடிந்து குளித்துவிட்டு வந்தாலும் மீசையில் மாவு தங்குகிறது, குழந்தைக்கு முத்தம் கொடுக்க யோசனையாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். மறுநாள் சலூனுக்குப் போய் வந்து நிற்கிறார். பட்டாணி என் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்தார், ஆனால் அன்று முழுவதும் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மீசையை எவ்வளவு சீராட்டுவார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அவர் மேல் இவ்வளவு மரியாதை வந்தது இந்தப் பத்து வருஷத்தில் அன்றைக்குத்தான்.

பெரியவள் கடைகளில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி, கோதுமை கலந்திருக்கிறதா என்று எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கிறாள். மிட்டாய்க் கடைக்காரர் அவளைப் பார்த்தாலே, "இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு" என்கிறார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் படுக்கையை உதறிக்கொண்டே, "எனக்கும் வயித்து வலி வந்தா என்கிட்டயும் இவ்ளோ நேரம் உக்காருவியாம்மா?" என்று கேட்டாள். ஒரு குழந்தைக்கு வயிறு வலித்தால் வலி அந்த ஒரு வயிற்றில் மட்டும் இருப்பதில்லை. மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவளை மட்டும் கூட்டிக்கொண்டு நாள் முழுவதும் சுற்றினேன். அவள் பேசிக்கொண்டே வந்தாள், நான் கேட்டுக்கொண்டே போனேன்.

இன்னொரு செய்தி. மாவுத் தூசி காற்றில் மிதந்து மாடிக்கு வருகிறது, சின்னக் குழந்தைக்கு அது நல்லதில்லை என்கிறார் டாக்டர். அதனால் அடுத்த தெருவில் தையல்கடை மாடியில் இரண்டு அறை பார்த்திருக்கிறோம். நாங்கள் நாலு பேரும் அங்கே போய்விடுவோம். உங்கள் அறையும் உங்கள் அடுப்பும் அப்படியே இருக்கும். சாயங்காலம் குளித்து உடை மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் தம்பி சுடும் ரொட்டியை வைத்துச் சுவர் எழுப்பலாம் போலிருக்கிறது. ஓட்டல்காரர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். எப்போது வருகிறீர்கள்?

உங்கள் வாத்தியாரம்மா


ஏப்ரல் 20

அம்மாடி,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து சமையற்கட்டுக்குப் போய், அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளைத் தள்ளிவிட்டு நான் உரித்தேன். அழ ஒரு சாக்கு வேண்டாமா?

என் தம்பி மீசையை எடுத்தானா! எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒரு போட்டோ அனுப்பு. இல்லை, வேண்டாம். சிரித்துவிடுவேன், பாவம் அவன். நான் வளர்த்த பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரியவளைக் கூட்டிக்கொண்டு சுற்றினாயே, அதற்கும் உனக்கு ஒரு கும்பிடு. நானாக இருந்தால், கையில் ஒரு பன்னைக் கொடுத்து, "போய் விளையாடு" என்றிருப்பேன்.

வீடு மாறுவது நல்ல யோசனை. நான் வருவதைத்தான் இப்போது சொல்ல முடியாது. இதையும் கேள். புது முதலாளி ஒருவரை வளர்க்கிறேன். முழுக்க முழுக்க அரிசி மாவு. விடுதியின் கோதுமை வாடை படக் கூடாது என்று என் அறையில் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அவர் பொங்கி எழுந்துவிட்டால் பட்டாணிக்கு ஒரு நல்ல ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வருவேன். அதுவரை எந்த முகத்தோடு வந்து அவள் முன்னால் நிற்பது?

ஆனால் மனிதர் சண்டித்தனம் செய்கிறார். முதல் பானை நாறிய நாற்றத்தில் எலி செத்துக் கிடக்கிறது என்று வார்டன் ஆளைக் கூப்பிட்டுப் பரணையெல்லாம் தேட வைத்துவிட்டாள். இரண்டாவது பானையில் பச்சையாக முடி முளைத்தது. விடுதிப் பெண்கள் தினமும் வந்து பார்த்து, "அக்கா, இவருக்கு முடி வெட்டணும்" என்று கேலி செய்தார்கள். இப்போது மூன்றாவது. இன்னும் அசையவில்லை. முப்பது வருஷமாக ரொட்டி சுடுகிறேன், பானையில் அரிசி மாவைப் போட்டால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இந்த வயதில் நாலாம் வகுப்புக்குத் திரும்பிப் போனது மாதிரி இருக்கிறது. நீ பயப்படாதே, விடமாட்டேன்.

அத்தை


மே 30

அன்புள்ள அண்ணி,

முதலில் நல்ல செய்தி. இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அந்த அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. டாக்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, "நீங்க கணக்கு டீச்சர்தானே, நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். எண்கள் கலங்கித் தெரிந்தன. உங்கள் தம்பி வழக்கம் போல் சட்டையைத் தட்டினார், இந்த முறை மேசையில் எதுவும் விழவில்லை. எடையும் கூடியிருக்கிறது. அவளுடைய பழைய கால்சட்டை எதுவும் தொடைக்கு மேல் ஏறவில்லை. கீழே தையல்காரர் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசத்துல மறுபடி வருவீங்க" என்று ஆசீர்வாதம் போலச் சொன்னார்.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். தையல் இயந்திரம் ஓடும்போது எங்கள் தரை லேசாக அதிரும். பெரியவளுக்கு அதில் படுத்துக்கொண்டு படிக்கப் பிடித்திருக்கிறது. குளியலறைப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு அலமாரி ஒதுக்கியிருக்கிறேன். அதில் நீங்கள் விட்டுப்போன துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். கடையில் போட்டது வாசலோடு நிற்கும், இங்கே போடுவது இங்கே இருக்கும். அவ்வளவுதான் அண்ணி சட்டதிட்டம்.

மூன்றாவது பானையும் கெட்டுவிட்டது, நான்காவது வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் தோழி உங்கள் தம்பியிடம் போனில் சொன்னாராம். நீங்கள் பெரிய பிடிவாதக்காரி என்று எனக்குத் தெரியும். அந்தப் பிடிவாதத்தில்தான் இந்தக் கடையும் என் வீட்டுக்காரரும் வளர்ந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் யாருக்காக அந்தப் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று தோன்றியது. கேட்டேன். "அத்தை உனக்கு ரொட்டி செஞ்சு எடுத்துட்டு வரணும்னு அங்கேயே இருக்காங்க. அத்தைக்கு என்ன எழுதட்டும்?" என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

"ரொட்டி வேணாம்னு எழுது. அத்தை எப்பவும் கையில ட்ரே வச்சிருப்பாங்க. தூக்கு தூக்குன்னா, சுடும் தள்ளிப் போன்னு சொல்வாங்க. இப்ப நான் ரொம்ப வெயிட்டு. அப்பாவே அய்யோன்னாரு. அத்தையால தூக்க முடியாது. வந்து தூக்கிப் பாக்கச் சொல்லு. கையில ஒண்ணும் இருக்கக் கூடாது. அப்பதான் தூக்க முடியும்."

பிறகு, "எழுதிட்டியா? காட்டு" என்றாள். காட்டினேன். எழுத்து தெரியாது, இருந்தாலும் விரலை வைத்துக் கடைசி வரை பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றாள்.

உங்கள் வாத்தியாரம்மா


ஜூன் 4

அம்மாடி,

நான்காவது பானையும் போயிற்று. கழுவிக் கவிழ்த்துவிட்டேன். தோழியிடம் சொல்லிவிட்டேன், சாவியையும் கொடுத்துவிட்டேன். அவள் நல்லவள், இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு இன்றைக்கு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் வந்து இறங்குவேன். நேராக உன் வீட்டுக்குத்தான் வருகிறேன், கடைக்கு இல்லை. தலைக்குக் குளித்து, துவைத்த துணி உடுத்திக்கொண்டு வருவேன். மாற்றுத் துணிப் பெட்டியைத் தம்பி வந்து பஸ்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். வழியில் பழக்கடையில் கூட நிற்க மாட்டேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு என் ஆயுசில் முதல் தடவையாக வெறுங்கையோடு வருகிறேன்.

அடுப்பைத் தம்பி இன்னும் ஒரு நாள் பார்த்துக்கொள்ளட்டும்.

அத்தை